அங்குலமா, மில்லிமீட்டரா? பண்ணைப் பட்டறையில் அளவுக் கணக்கு

பண்ணைக் கருவி ஒன்றைப் பழுது பார்க்கப் புறப்படும் விவசாயி ஒரே நாளில் இரண்டு வகை அளவுகளைக் கையாள வேண்டியிருக்கிறது. இரும்புக் கடையில் "ஒன்றரை இன்ச் ஆங்கிள்" என்று கேட்கிறார்; கடைக்காரர் 40 மி.மீ. ஆங்கிளை எடுத்துப் போடுகிறார். தச்சர் "மூன்று நூல் தள்ளி அறுக்கலாம்" என்கிறார். பேரிங் பெட்டியில் இருப்பது மில்லிமீட்டர் அளவு. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணோ அங்குலக் கணக்கு.

பழகிய கைகள் இதைத் தோராயமாகச் சமாளித்து விடுகின்றன. பல வேலைகளுக்குத் தோராயமே போதும். ஆனால் சில இடங்களில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பெரிய நட்டத்தில் கொண்டுபோய் விடும். தவறான மரை உள்ள ஒரு நட்டு வீணானால் போவது சில ரூபாய்தான். அதே நட்டு தீவனம் நறுக்கும் கருவியின் கத்தியைப் பிடித்திருந்தால், அது ஓட்டத்தில் கழலும்போது ஆளின் கையே போகலாம். ஆகவே எங்கே தோராயம் போதும், எங்கே போதாது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு விவசாயிக்கும் அவசியம்.

இரண்டு முறைகள் ஏன்?

நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956ஆம் ஆண்டில் வந்தது. 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962இல் கட்டாயமாயின. சேரும் பவுண்டும் மறைந்து கிலோ நிலைத்தது. ஆனால் அடியும் அங்குலமும் பட்டறையை விட்டுப் போகவில்லை. பழைய இயந்திரங்கள், பழைய அச்சுகள், குழாய் மரைகள் ஆகியவை அங்குலத்தில் அமைந்தவை. அவற்றோடு பொருந்த வேண்டிய புதிய பாகங்களும் அதே அளவில்தான் இருந்தாக வேண்டும்.

அளவு முறை மாறும் காலத்தில் குழப்பம் நேர்வது நமக்கு மட்டும் உரியதல்ல. கனடா நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, 1983 ஜூலையில் ஒரு பயணிகள் விமானத்திற்கு எரிபொருள் கணக்கிட்டார்கள். கிலோவுக்கு உரிய பெருக்கு எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரியதைப் போட்டு விட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பிய அந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் நடுவானில் நின்றுபோயின. விமானியின் திறமையால் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கி அனைவரும் உயிர் பிழைத்தனர். படித்த பொறியாளர்களுக்கே நேர்ந்த பிழை இது. எனவே எந்த எண்ணை எழுதினாலும் அதன் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கம் வேண்டும். "25" என்று மட்டும் எழுதிய சீட்டு பட்டறையில் ஆபத்தானது.

பின்னக் கணக்கு நமக்குப் புதிதல்ல

அங்குலத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவதுதான் அங்குல முறை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று நம் முன்னோர் வைத்திருந்த கணக்கும் இதே வழிதான். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கும் இதில் அடங்கும்.

தச்சரும் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் சொல்லும் "நூல்" என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். "மூன்று நூல் கம்பி" என்றால் 3/8 அங்குலம். இன்றைய கடையில் அதற்கு நிகராகக் கிடைப்பது 10 மி.மீ. கம்பி. "நான்கு நூல்" என்பது அரை அங்குலம்; கிடைப்பது 12 மி.மீ. "ஐந்து நூல்" 16 மி.மீ. என்று ஆகிவிட்டது.

அளவுகோலில் சிறு கோடுகளை எண்ணத் தடுமாறுவோர், பின்னத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் எளிதாகும். 3/8 என்பது காலே அரைக்கால். 5/8 என்பது அரையே அரைக்கால். 7/8 என்பது முக்காலே அரைக்கால். "முக்காலே மூன்று வீசம்" என்று பேச்சில் சொல்கிறோமே, அதுதான் 15/16. ஒன்றுக்கு ஒரு வீசம் குறைவு.

மாற்றும் முறை

ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர். இது தோராயமன்று. 1959ஆம் ஆண்டிலிருந்து அங்குலம் பயன்படுத்தும் நாடுகள் ஒப்புக்கொண்ட வரையறை இது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும்.

அங்குலப் பின்னத்தை மில்லிமீட்டர் ஆக்க: மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்து, 25.4ஆல் பெருக்க வேண்டும். 5/8 அங்குலத்திற்கு 5ஐ 8ஆல் வகுத்தால் 0.625. அதை 25.4ஆல் பெருக்கினால் 15.875, அதாவது ஏறக்குறைய 15.9 மி.மீ.

அடியும் அங்குலமும் பின்னமும் சேர்ந்து வந்தால், முதலில் எல்லாவற்றையும் அங்குலமாக்க வேண்டும். 2 அடி, 3 அங்குலம், 5 நூல் என்று வைத்துக்கொள்வோம். 2 அடி என்பது 24 அங்குலம். 3 சேர்த்தால் 27. 5 நூல் 0.625. மொத்தம் 27.625 அங்குலம். 25.4ஆல் பெருக்கினால் 701.7 மி.மீ. டேப்பில் 702 என்று குறிக்கலாம். முழுக் கணக்கையும் முடித்த பிறகுதான் முழு எண்ணாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முழு எண்ணாக்கினால் பிழை சேர்ந்துவிடும்.

மில்லிமீட்டரைப் பின்னம் ஆக்க: மில்லிமீட்டரை 0.63ஆல் பெருக்கினால் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாக, அதாவது வீசங்களாக, விடை வரும். 57 மி.மீ. என்றால் 35.9, ஏறக்குறைய 36 வீசம். 16 வீசம் ஓர் அங்குலமாதலால் இது இரண்டே கால் அங்குலம். 100 மி.மீ. என்றால் 63 வீசம். 4 அங்குலத்திற்கு ஒரு வீசம் குறைவு. எனவே 100 மி.மீட்டரும் 4 அங்குலமும் ஒன்றல்ல, இடையில் 1.6 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது.

ஒரு மீட்டர் என்பது 3 அடி, 3 அங்குலம், 3 நூல். மூன்று மூன்றாக வருவதால் மறக்காது. இதில் உள்ள பிழை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான்.

கீழ்க்கண்ட பட்டியலை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

1/16 அங்குலம் (அரை நூல்) – 1.59 மி.மீ.
1/8 அங்குலம் (1 நூல்) – 3.18 மி.மீ.
3/16 அங்குலம் (ஒன்றரை நூல்) – 4.76 மி.மீ.
1/4 அங்குலம் (2 நூல்) – 6.35 மி.மீ.
5/16 அங்குலம் (இரண்டரை நூல்) – 7.94 மி.மீ.
3/8 அங்குலம் (3 நூல்) – 9.53 மி.மீ.
1/2 அங்குலம் (4 நூல்) – 12.70 மி.மீ.
5/8 அங்குலம் (5 நூல்) – 15.88 மி.மீ.
3/4 அங்குலம் (6 நூல்) – 19.05 மி.மீ.
7/8 அங்குலம் (7 நூல்) – 22.23 மி.மீ.
1 அங்குலம் (8 நூல்) – 25.40 மி.மீ.
1 அடி – 304.8 மி.மீ.

புள்ளியால் வரும் குழப்பம்

அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. 5 அடி 6 அங்குலத்தை "5.6 அடி" என்று எழுதுகிறார்கள். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. 5 அடி 6 அங்குலம் என்பது ஐந்தரை அடி, அதாவது 5.5 அடி. 5.6 அடி என்று கணக்குப் பொறியில் போட்டால் 5 அடி 7.2 அங்குலம் ஆகிவிடும். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். கொட்டகைக் கதவு நிலைக்குள் நுழையாமல் நிற்க இது போதும்.

நில அளவில் இந்தச் சிக்கல் இல்லை. ஏக்கருக்கு நூறு சென்ட் என்பதால் 2.05 ஏக்கர் என்பது 2 ஏக்கர் 5 சென்ட்தான். ஆனால் 2 ஏக்கர் 5 சென்ட்டை 2.5 என்று எழுதினால் அது 2 ஏக்கர் 50 சென்ட் ஆகிவிடும். பத்திரத்திலும் கடன் மனுவிலும் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே தோராயம் போதும்?

பண்ணை வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை வயல் வேலை. பயிர் இடைவெளி, பாத்தி அகலம், வாய்க்கால் ஆழம் ஆகியவற்றில் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் விளைச்சலில் மாற்றம் தெரியாது. 25 செ.மீ. இடைவெளிக்கு 10 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். 25 செ.மீ. சதுர நடவில் சதுர மீட்டருக்கு 16 குத்துகள். 10 அங்குலச் சதுரத்தில் பதினைந்தரை. இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் வகை மர வேலையும் பற்ற வைக்கும் வேலையும். இங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே அளவு திரும்பத் திரும்ப வரும்போது பிழை சேரும்.

மூன்றாம் வகை மரை, பேரிங், தண்டு, சாவிக்கட்டை ஆகியவை. இங்கே மாற்றுக் கணக்குக்கே இடமில்லை. அங்குலப் பாகத்திற்கு அங்குலப் பாகம், மெட்ரிக் பாகத்திற்கு மெட்ரிக் பாகம் என்றுதான் வாங்க வேண்டும். "கிட்டத்தட்ட அதே அளவு" என்று சொல்லி மாற்றிப் போடுவது கூடாது.

மர வேலை: வரிசை மார்க்கர்

திருந்திய நெல் சாகுபடிக்கு 25 செ.மீ. இடைவெளியில் கோடு போடும் மார்க்கரை உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்துகொள்ளலாம். எட்டுப் பற்கள் வைத்தால் இடைவெளிகள் ஏழுதான். எனவே முதல் பல்லின் மையத்திலிருந்து கடைசிப் பல்லின் மையம் வரை 175 செ.மீ. இருக்க வேண்டும். எட்டால் பெருக்கி 200 செ.மீ. என்று கட்டை வாங்குவோர் உண்டு. எண்ண வேண்டியது இடைவெளியை.

தச்சர் அங்குல அளவில் 10, 10 என்று வைத்துக்கொண்டு போனால் மொத்தம் 177.8 செ.மீ. வரும். எல்லா இடைவெளியும் ஒரே சீராக இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. கெடுதல் வருவது வேறு விதத்தில். ஒரு குச்சியை 25 செ.மீட்டருக்கு வெட்டி, அதைப் புரட்டிப் புரட்டிக் குறி வைக்கும்போது ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் சேர்கிறது. முறைக்கு 2 மி.மீ. என்றால் ஏழாம் குறியில் 14 மி.மீ. தவறியிருக்கும். அதைச் சரிக்கட்டக் கடைசி இடைவெளியைக் குறுக்குவார்கள். வயலில் ஏழு வரிசைக்கு ஒன்று குறுகலாக அமைந்து, அந்த வரிசையில் கோனோவீடர் ஓட்டும்போது பயிர் அடிபடும்.

இதைத் தவிர்க்க டேப்பை ஒரு முனையில் மாட்டி, கழற்றாமலே 25, 50, 75, 100, 125, 150, 175 என்று எல்லாக் குறிகளையும் வைக்க வேண்டும். அங்குலத்தில் குறிப்பதானாலும் இதே முறைதான். ஒரு வேலையை எந்த அளவில் தொடங்கினோமோ அதே அளவில் முடிக்க வேண்டும். டேப்பின் ஒரு விளிம்பு அங்குலம், மறு விளிம்பு சென்டிமீட்டர் என்று இருப்பதால் பாதியில் மாறிவிடுவது எளிது. வேண்டாத விளிம்பின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு வேலை செய்வது நல்ல வழி.

டேப்பின் முனைக்கொக்கி சற்று ஆடுகிறதே என்று ஆணி அடித்து இறுக்கி விடாதீர்கள். வெளிப்புறம் மாட்டி அளக்கும்போதும், உட்புறம் முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமல் இருக்கவே அந்த ஆட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. கொக்கி வளைந்த டேப்பாக இருந்தால் 10 செ.மீ. குறியிலிருந்து அளந்து, விடையில் 10 செ.மீ. கழித்துக்கொள்ளலாம்.

இருபது அடி நீளம் இருபது அடி அல்ல

ஆங்கிள், சட்டம், பி.வி.சி. குழாய் ஆகியவற்றை "இருபது அடி நீளம்" என்று கேட்டு வாங்குகிறோம். பெரும்பாலும் கிடைப்பது 6 மீட்டர் நீளம். 6 மீட்டர் என்பது 19 அடி 8 அங்குலம் சொச்சம். உண்மையான இருபது அடி 6 மீட்டர் 96 மி.மீ.

ஒரு நீளத்தில் நான்கடித் துண்டுகள் ஐந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால், ஐந்தாம் துண்டு கிட்டத்தட்ட 11 செ.மீ. குறையும். 96 மி.மீ. நீளக் குறைவு, நான்கு வெட்டுக்கும் வெட்டுக்கு 3 மி.மீ. வீதம் 12 மி.மீ. சேதாரம். பந்தல் கால் போன்ற வேலைகளில் துண்டின் அளவை 1,195 மி.மீ. என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் ஐந்து துண்டும் சமமாகக் கிடைக்கும். இன்னொரு நீளம் வாங்கும் செலவு மிஞ்சும்.

"ஒன்றரை இன்ச்" ஆங்கிள் 40 மி.மீ., "இரண்டு இன்ச்" ஆங்கிள் 50 மி.மீ. என்ற அளவில்தான் கிடைக்கும். பழைய சட்டத்தோடு புதிய ஆங்கிளைப் பொருத்தும்போது அளந்து பார்த்த பிறகே துளை போட வேண்டும். பற்றவைக்கும் கம்பியிலும் தகட்டிலும் கேஜ் எண் பெரிதானால் தடிமன் குறையும். 10ஆம் எண் பற்றவைப்புக் கம்பி 3.15 மி.மீ.; 12ஆம் எண் 2.5 மி.மீ.

குழாயில் உள்ள பொறி

"ஒரு இன்ச் குழாய்" என்று சொல்கிறோம். ஓர் இரும்புக் குழாயை எடுத்து வெளிப்புறத்தை அளந்தால் 33.7 மி.மீ. வரும், 25.4 அல்ல. குழாயின் பெயர் உள்விட்டத்தை ஒட்டித் தோராயமாக வைக்கப்பட்டது. ஜி.ஐ. குழாயில் 1/2, 3/4, 1, ஒன்றேகால், ஒன்றரை, 2 அங்குலம் என்பவற்றின் மெட்ரிக் பெயர்கள் முறையே 15, 20, 25, 32, 40, 50 மி.மீ. ஆகும்.

பி.வி.சி. விவசாயக் குழாய்க்கோ வெளிவிட்டத்தைக் கொண்டு பெயர் வைக்கப்படுகிறது. ஒன்றரை அங்குலம் என்று வழங்குவது 50 மி.மீ.; 2 அங்குலம் 63 மி.மீ.; இரண்டரை அங்குலம் 75 மி.மீ.; 3 அங்குலம் 90 மி.மீ.; 4 அங்குலம் 110 மி.மீ.

இதில்தான் பொறி இருக்கிறது. "50 மி.மீ. குழாய்" என்று ஜி.ஐ. குழாயில் சொன்னால் 2 அங்குலம். அதையே பி.வி.சி.யில் சொன்னால் ஒன்றரை அங்குலம். இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதே 50 என்ற எண்ணைப் பார்த்து பி.வி.சி. போட்டால், நீர் செல்லும் குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மோட்டார் அதே மின்சாரத்தைத் தின்னும். மடைக்கு வரும் நீர் குறையும்.

வீட்டுக் குழாய்ப் பணிக்கு விற்கும் அங்குலக் குழாய்களின் வெளிவிட்டமும் விவசாயக் குழாயின் வெளிவிட்டமும் வேறு. 2 அங்குல வீட்டுக் குழாய் 60.3 மி.மீ.; விவசாயக் குழாய் 63 மி.மீ. ஒன்றைச் சூடேற்றி விரித்து மற்றதன் மேல் ஏற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தள்ளு பக்கத்தில் இதனால் நீர் கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சு பக்கத்தில் கசிவது காற்று, கண்ணுக்குத் தெரியாது. பம்ப் நீர் இழுக்காமல் நிற்கும்போது மோட்டாரையும் புட்வால்வையும் குறை சொல்லிக் கழற்றுகிறோம். உறிஞ்சு குழாயில் உரிய இணைப்பையே போட வேண்டும்.

குழாய் மரை இன்றும் அங்குலக் கணக்குதான். 25 மி.மீ. என்று அச்சிட்ட குழாயிலும் அங்குலத்திற்கு 11 மரை வெட்டப்பட்டிருக்கும். எனவே பழைய குழாயின் மரையில் புதிய இணைப்பு தயக்கமின்றிப் பொருந்தும்.

போல்ட், நட்டு

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் முன்வைத்த மரைதான் நம் பழைய கருவிகளில் உள்ள அங்குல மரை. அதன் பல் 55 பாகைக் கோணம் உடையது. மெட்ரிக் மரையின் பல் 60 பாகை. குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் பல்லும் பல்லின் இடைவெளியும் வேறு.

ஓர் அங்குல நீளத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவோம்.

3/8 அங்குலம் (9.53 மி.மீ.) – 16 மரை. எம் 10 – 16.9 மரை.
1/2 அங்குலம் (12.7 மி.மீ.) – 12 மரை. எம் 12 – 14.5 மரை.
5/8 அங்குலம் (15.88 மி.மீ.) – 11 மரை. எம் 16 – 12.7 மரை.
3/4 அங்குலம் (19.05 மி.மீ.) – 10 மரை. எம் 20 – 10.2 மரை.

அரை அங்குல நட்டை எம் 12 போல்ட்டில் ஏற்றினால் ஓரிரு சுற்றில் பிடித்துக்கொள்ளும். "துரு" என்று எண்ணி நீண்ட ஸ்பேனரால் அழுத்தினால் மரை சிதையும். தவறு உடனே தெரிந்துவிடுவதால் இதில் ஆபத்துக் குறைவு.

உண்மையான ஆபத்து 3/8 அங்குல போல்ட்டில் எம் 10 நட்டைப் போடுவது. 3/4 அங்குல போல்ட்டில் எம் 20 நட்டும் அப்படியே. இவை எளிதாக ஏறிவிடும். இறுகியது போலவும் தோன்றும். ஆனால் பற்களின் நுனிகள் மட்டுமே பிடித்திருக்கும். நின்ற நிலையில் பாரம் தாங்கும்; கருவி ஓடி அதிரத் தொடங்கியதும் பிடி விடும். தீவனம் நறுக்கும் கருவியின் கத்தி, கதிரடிக்கும் கருவியின் முளை, ரோட்டவேட்டரின் கத்தி ஆகியவற்றில் இப்படி ஒரு நட்டு இருந்தால் விபத்து நேரக் காத்திருக்கிறது என்று பொருள்.

சோதிக்கும் வழி எளிது. தெரிந்த போல்ட் ஒன்றையும் ஐயமான போல்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, பல்லோடு பல் கோத்து வெளிச்சத்திற்கு நேராகப் பிடியுங்கள். ஒரே மரையானால் முழு நீளத்திற்கும் இடைவெளியின்றிக் கோத்து நிற்கும். வேறு மரையானால் நான்கைந்து பல் தள்ளி வெளிச்சம் தெரியும். தலையில் 4.6 அல்லது 8.8 என்று எண் பொறித்திருந்தால் அது மெட்ரிக் போல்ட். நட்டு கையாலேயே முழு நீளமும் ஏற வேண்டும். ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த நட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் யூனிஃபைடு என்ற மற்றோர் அங்குல மரை உண்டு. அரை அங்குல விட்வொர்த்துக்கு அங்குலத்தில் 12 மரை என்றால், யூனிஃபைடு பெரு மரைக்கு 13. ஆகவே அங்குல போல்ட் என்று தெரிந்தாலும் பழைய போல்ட்டைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

ஸ்பேனரைப் பொறுத்தவரை 3/4 அங்குல ஸ்பேனரும் 19 மி.மீ. ஸ்பேனரும் ஒன்றுக்கு ஒன்று உதவும், வித்தியாசம் 0.05 மி.மீ.தான். 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குலத் தலையில் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும், இறுகிய நட்டில் முனை மழுங்கிவிடும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் குறுக்களவு. தலையின் அகலம் அல்ல.

பேரிங்கும் தண்டும்

நாம் சாதாரணமாக வாங்கும் பால் பேரிங்குகள் மெட்ரிக் அளவு. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்க உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6204க்கு 20 மி.மீ.; 6205க்கு 25 மி.மீ.; 6206க்கு 30 மி.மீ.

பழைய கருவியில் ஓர் அங்குலத் தண்டு இருந்தால் அது 25.4 மி.மீ. 6205 பேரிங் அதில் ஏறாது. தண்டை அரத்தால் ராவி ஏற்ற முயன்றால் வட்டம் கெட்டு, பேரிங் விரைவில் போய்விடும். கடைசல் பட்டறையில் கொடுத்து 25 மி.மீட்டருக்குக் கடைந்து வாங்கலாம். அல்லது தண்டுக்குப் பொருந்தும் அங்குலப் பேரிங் வாங்கலாம். கட்டையோடு கூடிய பேரிங்குகளில் யூ.சி. 205 என்றால் உள்விட்டம் 25 மி.மீ.; யூ.சி. 205–16 என்றால் ஓர் அங்குலம். கடைசியில் உள்ள 16 என்பது பதினாறு வீசம். பின்னக் கணக்கு தெரிந்தவருக்கு இந்த எண் தானே பேசும்.

மறுபுறம், 25 மி.மீ. தண்டில் ஓர் அங்குலப் பேரிங்கை ஏற்றி, இடைவெளிக்குத் தகரம் சுற்றுவதும் கூடாது. தண்டு மையம் தவறி ஆடும், பெல்ட் தேயும், கட்டை வெடிக்கும்.

பெல்ட்டும் கப்பியும்

வி–பெல்ட்டில் ஏ, பி, சி என்ற எழுத்து அகலத்தையும், எண் உட்புற நீளத்தை அங்குலத்திலும் குறிக்கும். பி 60 என்றால் உட்சுற்று 60 அங்குலம், அதாவது 1,524 மி.மீ. பழைய பெல்ட்டின் வெளிச்சுற்றை அளந்து அந்த எண்ணைக் கேட்டால் நீளம் கூடிய பெல்ட் கிடைக்கும். பி வகையில் வெளிச்சுற்று ஏறக்குறைய 3 அங்குலம் அதிகம்.

கப்பியின் வேகக் கணக்கில் இரண்டு கப்பிகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மோட்டார் நிமிடத்திற்கு 1,440 சுற்று, அதன் கப்பி 4 அங்குலம், கருவியின் கப்பி 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலத்தை 101.6 மி.மீ. ஆக்கி, 1,440ஆல் பெருக்கி, 300ஆல் வகுத்தால் கருவியின் வேகம் சுமார் 488 சுற்று. 300 மி.மீட்டரை 30 செ.மீ. என்று வைத்து 4க்கு எதிராகப் போட்டால் 192 என்று வரும். வேகம் போதவில்லை என்று எண்ணிச் சிறிய கப்பி மாட்டினால், கருவி இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றும். வார்ப்புச் சக்கரம் அந்த வேகத்தைத் தாங்காமல் உடைந்து சிதறலாம்.

பரப்பும் கொள்ளளவும்

நீள அளவின் பெருக்கு எண்ணைப் பரப்புக்குப் போடக் கூடாது. ஒரு மீட்டர் 3.28 அடி, ஆனால் ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. ஒரு கன அடித் தொட்டி 28.3 லிட்டர் கொள்ளும். 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள தொட்டி 24 கன அடி. அதாவது சுமார் 680 லிட்டர்.

பட்டாவில் எக்டேர், ஏர் என்ற அளவு இருக்கும். நூறு ஏர் ஓர் எக்டேர். ஓர் ஏர் 2.47 சென்ட், ஓர் ஏக்கர் 40.47 ஏர். பட்டாவில் 0–40.50 என்றிருந்தால் அது ஓர் ஏக்கர். எக்டேருக்குச் சொல்லும் உர அளவை இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கு உரியது கிடைக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; ஒரு நூல் 3.18 மி.மீ.; ஒரு மீட்டர் 3 அடி, 3 அங்குலம், 3 நூல்.
2. எண்ணோடு அலகையும் எழுதுக.
3. தொடங்கிய அளவிலேயே வேலையை முடிக்க வேண்டும்.
4. முழு எண்ணாக்குவது கடைசியில் ஒரே முறை.
5. குழாய் வாங்கும்போது எந்த வகைக் குழாய் என்பதையும் சேர்த்துச் சொல்க.
6. மரை, பேரிங், தண்டு ஆகியவற்றில் மாற்றுக் கணக்கு வேண்டாம். பழைய பாகத்தைக் கையில் கொண்டு செல்க.
7. அங்குல போல்ட்டுகளையும் மெட்ரிக் போல்ட்டுகளையும் தனித்தனி டப்பாக்களில் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டுக.

கடைசியில் சொன்னதற்குச் செலவு ஏதுமில்லை. இருக்கும் போல்ட், நட்டுகளைக் கொட்டி, பல்லோடு பல் கோத்துப் பார்த்துப் பிரிக்க அரை நாள் போதும். அறுவடைக்கு முந்தைய ஓய்வு நாட்களில் இதைச் செய்துவிட்டு, தீவனம் நறுக்கும் கருவியின் கத்தி நட்டுகளை அன்றே ஒரு முறை கழற்றிச் சோதித்து விடுவது நல்லது.